ஊசி இல்லாத துண்டு

ஊசி போடமாட்டேன் என்றதும்
முஸம்மிலின் முகம் கறுத்தது.
"அப்ப என்னத்துக்கு டொக்டர்
நிலாவெளி வரைக்கும் ஆட்டோ பிடிச்சு வந்தீங்க?"

குதிரையின் பெயர் டொலர்.
நுவரெலியாவில் ஓடிக் களைத்து
லொறியில் வந்து இறங்கியது.
சீசனில் வெள்ளைக்காரப் பிள்ளைகளைச் சுமக்கும்,
ஒரு சுற்று ஆயிரம்.
இப்போது தாடைக்குக் கீழே
கோழிமுட்டையளவு வீக்கம்.
தண்ணீர் விழுங்கக் கழுத்தை நீட்டுகிறது.
காய்ச்சல் நூற்றி மூன்று.

சட்டைப் பையைத் துழாவினான்.
மகனுக்கு வாங்கியதில் மிஞ்சிய ஏழு குளிசை,
இறக்கக்கண்டி இறால் பண்ணையிலிருந்து
மச்சான் கொடுத்த மஞ்சள் தூள்.
"இதில எது நல்லம்?"

"இதைத் தின்றால்
தொண்டை ஆறுமோ தெரியாது,
குடல் கழன்று செத்துப்போகலாம்."

மற்றதை அவனிடம் சொல்லவில்லை.
போன மாரியில்
பாலையூற்றுப் பெண்குதிரைக்கு
இருமினாலும் ஊசி, தும்மினாலும் ஊசி.
கேட்டார்கள், குத்தினேன்.
காசோடு நிற்கும் மனிதரை
வெறுங்கையோடு அனுப்ப
வெட்கமாக இருந்தது.
பிறகு காலில் கம்பி கீறி,
அந்தச் சீழை ஐஸ் பெட்டியில் வைத்து
கண்டி பஸ்ஸில் பேராதனைக்கு அனுப்பினேன்.
தட்டின் படம் வந்தது:
ஆறு கடதாசி வட்டம், ஆறு மருந்து.
ஒன்றைச் சுற்றியும் வெளி இல்லை.
கிருமி விளிம்புவரை வந்து
படகுத்துறைப் பாசி மாதிரிப் படர்ந்திருந்தது.

"பழைய சாரத்தை வெந்நீரில் பிழிந்து
மூன்று வேளை ஒத்தடம் கொடு.
வாளியைத் தனியாக வை.
மற்றக் குதிரையை
அந்தத் தென்னைக்கு அப்பால் கட்டு.
கையைக் கழுவாமல் அதன் பக்கம் போகாதே.
மூச்சு இழுத்தால்
நடுச்சாமமானாலும் கூப்பிடு. அப்போது குத்துவேன்."

அன்றிரவு எனக்குத்தான் தூக்கமில்லை.
குளிர்ப்பெட்டியில் போத்தல்
மூடி உடையாமல் இருந்தது.
செத்தால் ஊர் என்ன சொல்லும்,
ஒரு ஊசிக்கு வழியில்லாத டொக்டர்.
போன் ஒருமுறை அடித்தது.
தங்கச்சி. மாமாவின் சீனி வருத்தம்.

நான்காம் நாள் விடிய
அவனே அழைத்தான்.
"உடைஞ்சிட்டு டொக்டர்!
என்ட கையெல்லாம், சேர்ட்டெல்லாம்,
அல்லாவே, என்ன நாத்தம்!"
பின்னால்
வாளியில் யாரோ
உறிஞ்சி உறிஞ்சிக் குடிக்கும் சத்தம்.

போய்க் கழுவிவிட்டேன்.
தூளையும் ஏழு குளிசையையும்
கேட்டு வாங்கிப் பையில் போட்டேன்.

"ஊசியே போடல்லையே,
எவ்வளவு தர?"

ஊசிக்கு எவ்வளவோ
அவ்வளவு, என்றேன்.