இரண்டு க்ளிக்

மூடிப்போன ஹோம்ஸ்டேயில் மலிவாகக் கிடைத்த
எஸ்பிரெஸோ மெஷின்
மூன்று வாரமாய்ச் சும்மா மினுக்குகிறது.
மிக்ஸியில் அரைத்தால் பாதி மாவு, பாதி சரளை.
பர்லியார் பக்கம் மழைநாள் போல
ஒன்று, கொட்டித் தீர்க்கும்
இல்லை, மண் சரிந்து வழி அடைக்கும்.

குன்னூர் பெட்ஃபோர்டு கடையில் சையது இப்ராகிம்
பற்களைக் கழற்றிக் காட்டினார்.
இது கூம்பு, இது தட்டை.
தட்டையின் விலைக்கு என் ஸ்கூட்டரே வந்தது.
சுவிட்சைப் போட்டார்.
தெருமுனையில் நாய் எழுந்து நின்றது.

ஃப்ளோரா நைட் டூட்டி முடிந்து
ஆறே முக்காலுக்குப் படுப்பாள்.
அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே
ஒரு பலகை, அதில் ஒரு காலண்டர்.

கையால் சுற்றுவதையே வாங்கினேன்.
கரண்ட் அடிக்கடி போகுதுங்க
என்று கடையில் சொல்லிவைத்தேன்.

பதினெட்டு கிராம், நூற்றுப் பத்துச் சுற்று.
ஸ்வெட்டரில் பொதிந்து
தொடையிடுக்கில் இறுக்கித்
திருடனைப் போல அரைக்கிறேன்.
கொட்டை நொறுங்கும்போதெல்லாம்
பலகையைப் பார்க்கிறேன்.

நேற்று இதே அளவில் தேனாய் வடிந்தது
இன்று சொட்டுச் சொட்டாய் இறங்கிக் கசந்தது.

கம்பளிக்குள்ளிருந்து குரல்:
"வெளியே பனி கட்டிக்கிட்டு நிக்குது.
கொட்டை நமுத்திருக்கும்.
ரெண்டு க்ளிக் தள்ளிக் கொரகொரப்பா வை."

தூங்கலையா?

"தொண்ணூத்தி ரெண்டுல கை மாத்தினே.
தினமும் அங்கேதான் மாத்துறே."

ஒன்று.
இரண்டு.

குளிர்கிறது.
ஸ்வெட்டரை உருவி
நானே போட்டுக்கொண்டேன்.