மரியாதைக்கு அரை நொடி

ஆங்கிலத்தில் அவர்களுக்கு ஒரே சொல்.
வாயைக் குவித்து விட்டுவிடுகிறார்கள்.
எனக்குத்தான் இரண்டு.
நீ என்றால் உதட்டசைவுக்குள் அடங்கிவிடும்.
நீங்க என்றால் வாய் நின்ற பிறகும்
குரல் கொஞ்சதூரம் நடந்துபோகும்.
மரியாதைக்கு அரை நொடி கூடுதல் என்று
முதலியார்பேட்டை மாடியறையில், காதில் ஹெட்போனோடு,
தொடருக்குத் தமிழ் வசனம் எழுதிய எட்டு வாரத்தில் கற்றேன்.

எரிகல்லன், நிழலி. பெயர் இரண்டும் நான் வைத்தவை.
ஐந்தாம் பகுதிவரை நீங்க.
ஆறாவதில், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்,
அவன் விலாவில் ஏறிய கண்ணாடிச் சில்லை
அவள் பல்லால் பிடுங்குகிறாள்.
அங்கே மாற்றினேன்.
"நீ அசையாம இரு."
மூலத்தில் அந்த இடத்தில் கதவே கிடையாது.
நான்தான் சுவரை இடித்தேன்,
யாரையும் கேட்கவில்லை.

சித்திரையில் படம் வந்தது.
அதற்கு எழுதியவர் சென்னையில் வேறொருவர்,
தொடரைப் பார்க்க அவருக்கு நாளும் கொடுத்திருக்க மாட்டார்கள், காசும்.
வானத்தில் கிழிசல், நகரம் பாதி தீ,
எரிகல்லன் திரும்பி நிழலியிடம்
"நீங்க யாரு?" என்கிறான்.
தியேட்டரில் ஒருவரும் திடுக்கிடவில்லை.
பின்வரிசைப் பையன் ஒருவன் மட்டும்
"டேய், கண்ணாடிச் சில்லுடா!" என்று கத்தினான்.
இடைவேளையில் அவனைத் தேடினேன்,
ஒரு கோன் ஐஸ் வாங்கித் தர.

தொடருக்குப் படம் தெரியும்.
படத்தில் பாலம் விழுந்தால்
தொடரில் ஆறு வாரம் பேருந்து சுற்றிப்போகும்,
காப்பிக்கடைக்காரி மேசையில் தூசி துடைத்தபடியே இருப்பாள்.
தொடரில் ஒருத்தி எட்டு மணிநேரம் அழுதாலும்
படத்துக்குத் தகவல் போகாது.

குணாளனிடம் சொன்னபோது சிரித்தான்.
"உங்க ஊரே அப்படித்தானே,
மாஹி அங்க, ஏனாம் எங்கயோ,
தலைப்பு மட்டும் ஒண்ணு."
அவன் கடலூர்க்காரன். புதன்கிழமைகளில்
தேங்காய்த்திட்டு ஐஸ் ஆலையில் கம்ப்ரசர் பார்க்க வருவான்,
முடித்துவிட்டு என் அறைக்கு.
மூன்று வருடப் புதன்.
கத்தரிக்காய் தின்றால் அவன் கழுத்து தடித்துவிடும்,
அதற்கொரு களிம்பு என் கைப்பையில் எப்போதும்.

ஆவணியில் அவன் தங்கை வெண்மதிக்குக் கல்யாணம்,
மஞ்சக்குப்பத்தில்.
அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோயில்,
முள்ளோடையில் மாநிலம் மாறியது.
பேருந்தில் யாரும் தலை நிமிரவில்லை.
பெண்ணையாற்றில் தண்ணீர் இல்லை.

மண்டபத்தில் நூற்றைம்பது பேர்,
வெளிச்சம், கேமரா, அத்தைகள்.
படம்.
"வேலை விஷயமா தெரிஞ்சவங்க" என்றான் ஓர் அத்தையிடம்.
பிறகு என்னிடம்,
"நீங்க சாப்பிட்டீங்களா?"

இரண்டு இடத்தில் மரியாதை.
முழுசாக ஒரு நொடி.

எதிர்ப்பந்தியில் அவன் இலையில்
யாரோ எண்ணெய்க் கத்தரிக்காய் வைத்தார்கள்.
அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.
மறுபடி வைத்தார்கள்.
ரசம் வருவதற்குள் காலருக்கு மேலே சிவந்தது.
இத்தனை உறவில் ஒருவருக்கும் தெரியவில்லை,
அல்லது சொன்னால் யார் சொன்னது என்று கேட்பார்கள்.
நான் பையின் ஜிப்பைப் பாதி திறந்து
பாதியிலேயே மூடினேன்.

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது
சிலர் எழுந்திருப்பதில்லை,
கடைசியில் ஒரு துண்டுக் காட்சி வரும் என்று.
நானும் நிறுத்தத்தில் இரண்டு பேருந்தை விட்டேன்.
மூன்றாவதில் ஏறினேன்.

ஆல்பேட்டை தாண்டியதும் செய்தி வந்தது.
களிம்பு இருக்கா?

அதில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை.
தமிழில் அப்படியும் எழுதலாம்.
எட்டு வாரம் உட்கார்ந்தும்
எனக்குத் தோன்றவில்லை.

இருக்கு என்று தட்டினேன்.
அனுப்புவதற்குள் முள்ளோடை வந்துவிட்டது,
ஒரு கூட்டம் சாராயக்கடைக்கு இறங்கியது,
நடத்துனர் விசில் கொடுத்தார்.