பன்னிரண்டு பார் ஐஸ்

பொத்தானை நான்தான் செய்தேன்.
நீல நிறம், முனை வளைந்தது,
விரல் பட்டால் லேசாக அமுங்கி எழும்.
அழுத்தினால் ஒரு பச்சை டிக்:
'உங்கள் ஆர்டர் பதிவானது.'

எங்கே பதிவானது என்று
ஆறு வருடமாக என்னை யாரும் கேட்டதில்லை.

அக்கரைகோரியிலிருந்து பூரணி வந்து கேட்டாள்,
முதுநகர் ஐஸ் கம்பெனி வாசலில்,
காலை ஆறு மணிக்கு, இடுப்பில் கைவைத்து.
"பன்னெண்டு பார் போட்டேன்.
பச்சையா வந்துச்சு. ஐஸ் எங்க?"
மாதிரிக்கென்று நான் அனுப்பிய லிங்க்கை
குத்புதீன் ஊர் முழுக்கப் பகிர்ந்திருந்தார்.
கூடையில் இறால் தலை கறுத்துக்கொண்டிருந்தது.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் போனைப் பார்த்தேன்.

பின்பக்கம் பெங்களூரில் நிதின் எழுத வேண்டியது.
'அடுத்த வாரம்' என்று
மூன்று வாரமாக எழுதிக்கொண்டிருக்கிறான்.

அன்றிரவு மஞ்சக்குப்பம் மாடியறையில்
கிளவுடில் ஒரு கணக்குத் திறந்தேன்.
கார்டு உண்மைதானா என்று பார்க்க
இரண்டு ரூபாய் எடுத்து
இரண்டு ரூபாயைத் திருப்பித் தந்தது.
எந்த ஊரில் ஓட வேண்டும் என்றது.
பட்டியலில் கடலூர் இல்லை. மும்பை என்றேன்.

சர்வர் வாங்க வேண்டாமாம்.
ஒரு ஃபங்ஷன் போதுமாம், இருபது வரி.
கூப்பிட்டால் விழிக்கும், முடிந்தால் தூங்கும்.
அந்த இருபது வரிக்கு எனக்கு நான்கு இரவு.

முதல் இரவு 403.
கதவு இருக்கிறது, அனுமதி இல்லை.
என் ஃபங்ஷன் என் டேபிளைத் தொடுவதற்கும்
நானே சீட்டு எழுதித் தர வேண்டும் என்பது
இரண்டு மணிக்குப் புரிந்தது.
மறுநாள் 500. காரணம் சொல்லாத எண்.
லாக் எங்கே இருக்கிறதென்று தேடவே அரை இரவு.
அங்கே என் பிழை, தேதியிட்டு, நொடி உட்பட:
ஒரு பெயரில் ஓர் எழுத்து குறைவு.

துறைமுகத்தில் அந்த வாரம்
ஒன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள்.
படகுக்காரர்கள் அதை ஒரு தரம் பார்த்தார்கள்,
வானத்தை ஒரு தரம்,
பிறகு உட்கார்ந்து வலையைப் பிரித்துத் தைத்தார்கள்.
எண்ணைத் திட்டுகிறவர் யாருமில்லை.
நான்தான் திரையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் இரவு பிரவுசர் மறித்தது.
என் பக்கமும் என் ஃபங்ஷனும்
வேறு வேறு ஊர்க்காரர்களாம்,
பேசிக்கொள்ளக் கூடாதாம்.

நான்காம் இரவு காற்று. கரண்ட் போனது.
பேட்டரி மூன்று சதவீதத்தில் டிப்ளாய் கொடுத்தேன்.
முடிந்ததா என்று சொல்லாமல் திரை கறுத்தது.
ஜன்னல் ஒன்று அடித்துக்கொண்டே இருந்தது.
போனில் பக்கத்தைத் திறந்து
அந்த நீலப் பொத்தானை
முதல்முறையாகப் பயந்து அழுத்தினேன்.

டேபிளில் ஒரு வரிசை.
மஞ்சக்குப்பம் மொத்தமும் இருட்டில் கிடக்க
மும்பையில் என் இருபது வரி எழுந்து
என் பெயரை எழுதிவிட்டு
மறுபடி படுத்துக்கொண்டது.

கூண்டு இறங்கிய மறுநாள், விடியல் நாலு பத்து:
'பூரணி அக்கரைகோரி உடச்சி குடுக்கணும்', 12.
உடைப்பதற்கு நான் கட்டமே வைக்கவில்லை.
பெயருக்கான இடத்தில்
அவளே எழுதியிருந்தாள்.

ஐஸ் கம்பெனி ஜபருல்லா அதைப் பார்த்து
நோட்டிலும் எழுதிக்கொள்கிறான். எழுதட்டும்.
நிதினுக்கு இன்னும் சொல்லவில்லை.
பில் நூறு ரூபாய் தாண்டினால்
எழுப்பச் சொல்லியிருக்கிறேன்.
ஆர்டரை ரத்து செய்யும் வழி பாக்கி.

இப்போதெல்லாம் பதில் வந்த பிறகே
பச்சை டிக் காட்டுகிறேன்.
அதுவரை ஒரு சின்ன வட்டம் சுற்றும்,
அரை நொடி, சில நாள் ஒரு நொடி.

"முன்ன பட்டுனு வந்துச்சு,"
என்கிறாள் பூரணி.