அடுத்த அழைப்புக்கு முன்

ரெஜைனாவில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
நிலவறையில், வாட்டர் ஹீட்டருக்கும் டிரையருக்கும் நடுவில்
என் அலுவலகம்:
ஒரு மேசை, ஒரு ஹெட்செட்,
காகிதம் கிழிக்கும் இயந்திரம் ஒன்று.
எந்த ஊரிலோ ஒரு மருத்துவமனையில்
யாரோ தமிழுக்கான எண்ணை அழுத்தினால்
இங்கே மணியடிக்கும்.
வணக்கம், மொழிபெயர்ப்பாளர் நான்கு பூஜ்யம் ஏழு.
பெயர் சொல்லக் கூடாது, அது முதல் விதி.

அவர்கள் ‘நான்’ என்றால்
நானும் ‘நான்’ என்றே சொல்லவேண்டும்,
அது இரண்டாவது.
காலை ஒன்பதரைக்கு நான் ஏழு மாதக் கர்ப்பிணி.
பத்தேகாலுக்கு என் இடது கால் மரத்துப்போயிருந்தது,
சர்க்கரை இருபத்திரண்டு.
மதியம் வாடகைப் பாக்கிக்கு
ஓர் அதிகாரியிடம் தவணை கேட்டு மன்றாடினேன்,
கொஞ்சம் அழுதும் விட்டேன், குரலில் மட்டும்.
சாப்பிட்டதுதான் நானாகச் சாப்பிட்டேன்.
நேற்றைய புளிக்குழம்பு.

அழைப்பு முடிந்ததும்
எழுதிய குறிப்பைக் கிழித்துவிட வேண்டும்.
மூன்றாவது விதி.
வாரத்துக்கு ஒரு பை நிறைகிறது.

கவிதை எழுதிப் பதினான்கு மாதம்.
சும்மா இருந்தேன் என்று சொல்ல முடியாது.
புதுப் பேனா வாங்கினேன்.
கோடு போடாத நோட்டு வாங்கினேன், பிறகு கோடு போட்டதும்.
விடிகாலை ஐந்துக்கு எழுந்து பார்த்தேன்,
ஐந்து மணியைப் பார்த்ததுதான் மிச்சம்.
கோடையில் வஸ்கானா ஏரியைச் சுற்றினேன்.
குஞ்சுகளோடு வந்த வாத்து ஒன்று துரத்தியது.
அதுகூட ஒரு வரியாகவில்லை.
பயணம் போ என்றாள் வான்கூவரிலிருந்து பொற்கொடி.
தூங்கு என்றார் வழுதி.
தூங்கினேன்.

‘நான்’ என்று தொடங்குவேன்.
யாருடையது என்று கேட்கும் பேனா.
அடித்துவிடுவேன்.

வியாழன் இரவு, பதினொன்று நாற்பது.
வலி கூர்மையா, மந்தமா என்று கேட்டார் மருத்துவர்.
இரண்டே பெட்டி அவருக்கு.
நான் தமிழில் கடை பரப்பினேன்:
குத்துதா, குடையுதா, கடுக்குதா, இழுக்குதா,
விண்விண்ணென்று தெறிக்குதா?
எதுவும் இல்லை என்றாள் அந்தப் பெண்.
பிறகு, எப்படி இருக்கிறது என்று சொன்னாள்.

சொன்னதை இங்கே எழுதமாட்டேன்.
அது அவளுடையது. கிழித்தாயிற்று.
அதில் ஒரு பாத்திரம் இருந்தது என்பதுவரை சொல்லலாம்.
அதுவே அதிகம்.

எனக்கு ஆங்கிலம் வரவில்லை.
ஒரு விநாடி. இரண்டு.
டிரையரில் வழுதியின் சட்டை சுற்றிக்கொண்டிருந்தது,
பொத்தான் தகரத்தில் இடித்து, இடித்து.
மொழிபெயர்ப்பாளரே, லைனில் இருக்கிறீர்களா?

‘இருக்கிறேன்’ என்றேன்.
தமிழில்.

மருத்துவருக்குப் புரியவில்லை.
அவளுக்குப் புரிந்தது.
அந்த வலியோடு, தெரிந்த நாலு சொல்லில்
இரண்டைச் செலவழித்து
அவரிடம் சொன்னாள்:
‘ஷீ தேர்.’

இதை வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன்.
என்னைப் பற்றிச் சொன்னது,
ஒன்பது வருடத்தில் முதல்முறை
என் சொல்லை இன்னொருவர் பெயர்த்தது.
விதிப்புத்தகத்தில் இதற்கு வரி இல்லை.
வைத்துக்கொண்டேன்.

மந்தம், ஏழு என்று பதிவானது.
நான் இன்னும் இரண்டு வாக்கியம் சொல்லிப் பார்த்தேன்,
அவர் எட்டு என்று மாற்றினார்.
அவ்வளவுதான் முடிந்தது.
அவளுக்கு என்ன ஆயிற்று என்று
எனக்கு எப்போதும் தெரியப்போவதில்லை.

குறிப்பைக் கிழித்தேன்.
நோட்டு மாடியில் இருந்தது, ஏறவில்லை.
மின்கட்டண உறையின் பின்புறம் எழுதினேன்:

இருக்கிறேன்.
தகரக் கதவுக்குள் ஒரு பொத்தான்
இரவெல்லாம் தட்டுகிறது,
வெளியே வரவா
உள்ளே வரவா என்று தெரியாமல்.

‘இரவெல்லாம்’ பொய்.
நாற்பது நிமிடம்தான் ஓடும் அந்த டிரையர்.
மாற்றவேண்டும்.
மணியடிக்கிறது.