பெப்ரவரி

முத்தையன்கட்டு கிளினிக்கில்
ஏழு வருடமாகப் பெப்ரவரி.
வெளிநாட்டு நிறுவனம் ஒன்று விட்டுப்போன கலண்டர்.
மற்ற மாதங்களைக் கறையான் தின்றது.
இந்த ஒரு தாளை நான்தான் சுவரில் ஒட்டினேன்,
காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரால்.

படத்தில் ஒருத்தி பால் கொடுக்கிறாள்.
பின்னால் பச்சைச் சுவர்.
சட்டைப் பொத்தான்கள் ஓட்டை மாறிப் பூட்டியிருக்கின்றன.
மடியில் கிடக்கிற பிள்ளையைப் பார்க்கவில்லை,
எங்களைப் பார்க்கிறாள்;
தராசு முள் நிற்கட்டும் என்று
நான் காத்திருக்கும்போது பார்ப்பதுபோல.

புதன்கிழமைகளில் நிறை பார்க்க வருகிறவர்கள்
வரிசையில் நின்றபடி அவளைத் திருத்துவார்கள்.
"தலையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்க வேணும்."
"சாப்பிட்டிருக்க மாட்டாள், காறை எலும்பைப் பார்."
"ஆர் கீறினது? ஆம்பிளை எண்டால்
இவ்வளவு அலுப்பைக் கீறியிருக்க மாட்டான்."
கடைசியாகச் சொன்னவள் தவரூபி.

ஒரு கை முடியவில்லை.
பிள்ளையின் முதுகுக்குக் கீழே நாலு கோடு,
பிறகு வெறும் துணி.
நவீன ஓவியம் அப்படித்தான் என்றார் வந்துபோன டொக்டர்.
ஊசிக்கு அழுததைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே
தவரூபி சொன்னாள்:
"இல்லை டொக்டர், அந்த நேரம் பார்த்துப் பிள்ளை எழும்பியிட்டுது."

போன கார்த்திகை மழையில் சுவர் ஊறி
தாள் முகங்குப்புற விழுந்தது.
பின்பக்கத்தில் பொடி எழுத்து.
மின்சாரம் வரும்வரை காத்திருந்து
எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டினேன்.

யூதப் பெண்.
கண்காட்சிகளுக்குப் பெயரின் முதலெழுத்தை மட்டும் கொடுத்தவள்,
ஆண் என்று நினைக்கட்டும் என்று.
1909. கண்ணாடியில் பார்த்துத் தன்னையும் மகளையும் கீறியது.

அப்படியென்றால் அந்தக் கை
தூரிகை பிடித்திருந்த கை.
தன்னைத் தானே பிடிக்க முடியாத கை.

பிறகு ஒரு வரி:
இறந்த ஆண்டு தெரியாது.
1942இல் ஒரு ரயில் நிலையத்தில் கடைசியாகக் காணப்பட்டார்.

கடைசியாகக் காணப்பட்ட இடம்.
அந்தக் கட்டத்தை மூன்று படிவங்களில் நிரப்பியிருக்கிறேன்,
ஒரே ஆளுக்கு,
ஒரே விடை: வட்டுவாகல் பாலம்.
மூன்றாவதில் பேனை மை தீர்ந்து
'பாலம்' மட்டும் நீலம்.

மகளைப் பற்றித் தேடினேன்.
ஒரு சொல்லும் இல்லை.

காய்ந்தபின் பழைய இடத்திலேயே ஒட்டினேன்,
படம் வெளியே தெரிய.
புதன்கிழமை வந்த தவரூபி
"சரிஞ்சு கிடக்கு, மிஸ்" என்றாள்.
பிள்ளையைத் தராசில் தொங்கவிட்டோம்.
கால் உதைத்தது. முள் நிற்க நேரமெடுத்தது.
எட்டுக் கிலோ நானூறு.