ஏழாம் நம்பர் மரம்

புளியங்குடியில் பஸ் நின்றதும்
மூக்குதான் முதலில் இறங்கும்.
கமிஷன் கடை வாசலில்
நல்லதும் அழுகலும் ஒரே சாக்கில் வியர்க்கிற வாடை.
அங்கிருந்து மலையைப் பார்த்து மூன்று கிலோமீட்டர்,
மைதீன் பிச்சையின் டிவிஎஸ்ஸில்,
ஐஸ் பெட்டி என் மடியில்.

பன்னிரண்டு மரத்தில் இலையும் பட்டையும் எடுத்தேன்.
"அந்தக் கெணத்தோர மரத்தப் பாருங்கம்மா,
காமாலை கண்ட மாதிரில்லா நிக்கு."
எடுத்தேன். நம்பர் மூன்று.
"இத எதுக்கு எடுக்கீக?
இது தாய்மரம். வெதையில மொளச்சது.
இதுல கண்ணு வாங்காத தோட்டம்
சிந்தாமணி வரைக்கும் கெடையாது."
கருகருவென்று இலை.
காய்க் கனத்துக்குக் கிளைக்குக் கிளை முட்டுக்கம்பு.
எடுத்தேன். நம்பர் ஏழு.

பாளையங்கோட்டையில் எங்கள் ஆய்வகம்
மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை.
திரவ நைட்ரஜனில் இலை கண்ணாடியாகிவிடும்,
பீங்கான் உரலில் குத்தினால் சத்தம்கூட வராது.
பிசிஆர் எந்திரத்தின் தலையில்
போன ஆயுத பூஜைக்கு வைத்த எலுமிச்சம்பழம்
குங்குமத்தோடு சுக்காய்க் காய்ந்து கிடக்கிறது.
யாரும் எடுக்கவில்லை. நானும்தான்.

நான் தேடுவதை வைரஸ் என்பதுகூட மிகை.
உறை கிடையாது. புரதம் கிடையாது.
தலையும் வாலும் ஒட்டிப்போன
ஓர் ஆர்.என்.ஏ. வளையம்.
முன்னூற்று எழுபத்தொரு எழுத்து,
எங்கே தொடங்கி வாசித்தாலும்
ஒரு சொல் தேறாது.
மரமோ அதைப் பகலெல்லாம்
வெயிலில் நின்று நகலெடுக்கிறது,
சம்பளமில்லாமல்.

முதல் நாள், வெறும் தண்ணீர் விட்ட குழியிலும்
கோடு விழுந்தது.
என் கைதான், எங்கோ.
எல்லாவற்றையும் கொட்டிவிட்டு
உரலைக் கழுவுவதிலிருந்து தொடங்கினேன்.
மறுநாள் முப்பத்தைந்து சுற்று,
சூடு, குளிர், சூடு,
இடையில் கரண்ட் போய் இன்வெர்ட்டர் அலறியது.

புற ஊதா வெளிச்சத்தில்
தண்ணீர்க் குழி இருட்டு. நல்லது.
மூன்றும் இருட்டு:
கிணற்றோரம் நின்றும் அதற்குத் தண்ணீர் போதவில்லை,
அவ்வளவுதான்.
ஏழில், நகத்தால் கீறினாற்போல
பளிச்சென்று ஒரு கோடு.

இதைப் போனில் சொல்லக் கூடாது என்று போனேன்.
மைதீன் பிச்சை மரத்தைத்தான் பார்த்தார், தாளை அல்ல.
"இதுக்கு ஒண்ணும் இல்லையேம்மா."
இதற்கு இல்லை. சொந்த வேரில் நிற்கிறது.
பக்கத்துத் தோட்டத்து ஒட்டுக்கன்றுகளைக் காட்டினேன்.
ரங்பூர் அடிக்கட்டையில், ஒட்டுக்குக் கீழே,
பட்டை செதில் செதிலாய்.

ஒட்டுக் கட்டுகிற இசக்கிப்பாண்டி
இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார்.
பளபளவென்று இருந்தது.
வேட்டியில் துடைத்தார். பார்த்தார்.
இன்னொரு தடவை துடைத்தார்.
"வருசத்துக்கு நாலாயிரம் கண்ணு வைப்பேன்,
பதினெட்டு வருசம்..."
பெருக்கலை அங்கேயே விட்டுவிட்டார்.

மரத்துக்கு மரம் பிளீச்சிங் கரைசலில் முக்கச் சொன்னேன்.
"துருப் பிடிச்சிருமே?"
பிடிக்கும் என்றேன்.

பழத்துக்குக் கெடுதல் உண்டா என்று கேட்டார் மைதீன் பிச்சை.
இல்லை, தாராளமாக விற்கலாம்.
கண்தான் கொடுக்கக் கூடாது.
அந்த மரத்திலேயே நாற்பது பழம் பறித்து
பையில் போட்டார், வேண்டாம் என்றும் கேட்காமல்.

ராத்திரி ஒன்றை அறுத்துப் பிழிந்தேன்.
நல்ல சாறு. நல்ல புளிப்பு.
அரிவாள்மணையை பிளீச்சிங் ஊற்றி
இரண்டு தடவை கழுவினேன்,
மூன்றாவது மாடி, வாடகை வீடு,
ஒரு தொட்டிச் செடிகூட இல்லை.