பதினொரு பல்

பினாங்குக் கப்பலில் வந்திறங்கிய மரத்தொட்டி.
மூடிமேல் கைப்பிடி, உள்ளே நான்கு கால் வைத்த கடைகட்டை.
சுற்றினால் ஒரே பக்கமாகச் சுற்றியது.
கால்மணி நேரத்தில் பதினாறு விரிப்பும்
வடக்கயிறாய் முறுக்கிக்கொண்டு
கட்டையின் கழுத்தை நெரித்தன.
"சீமைச் சாமான், பழகப் பழகச் சரியாகும்" என்றார்
விடுதிக்கார சுல்தான் மரைக்காயர்.
தைலம்மை கத்தரிக்கோல் கேட்டாள்.

நாகூர்க் கந்தூரிக்கு இன்னும் இருபது நாள்.
அறைக்கு நாலு பேர் என்பது பலகையில்;
ஒன்பது பேர் என்பது பாயில்.

பட்டறை பொன்மலைக்குப் போனபோது
கூடப் போகாதவன் நான்.
லேத்து போயிற்று, சங்கு போயிற்று,
ஒரு வைசும் ஏழு அரமும் என்னோடு நின்றன.
"சவரிநாதனா? பூட்டு ரிப்பேர்" என்பார்கள்.

மூடியைக் கழற்றி ஒரு பகல் பார்த்தேன்.
கை ஒரே பக்கம் போக வேண்டும்,
கட்டை போய்ப்போய்த் திரும்ப வேண்டும்.
அவ்வளவுதான் கேள்வி.

வெட்டாற்று மதகில் ஷட்டர் மாற்றிப்
பழைய இரும்பை ஏலம் விட்டிருந்தார்கள்.
தைலம்மை புருஷன் அங்கே லஸ்கர்.
கிரீஸ் காய்ந்த சாய்பல் சக்கரம் மூன்றைச்
சாக்கில் கட்டித் தோளில் போட்டு வந்தான்.
ஒன்று தண்டின் மேலே, ஒன்று கீழே,
முகத்துக்கு முகம்.
நடுவில் கைப்பிடியோடு மூன்றாவது:
இருபத்துநான்கு பல்.
பாதியை உதிர்க்க அரத்தோடு உட்கார்ந்தேன்.

"நல்ல சக்கரத்தைப் பொக்கையாக்கிட்டு
கூலி வேற கேப்பியா?"

மேலே கடிக்கும்போது வலம்,
கீழே கடிக்கும்போது இடம் என்றேன்.
அவர் என் வாயைப் பார்த்தார், சக்கரத்தை அல்ல.

பன்னிரண்டு விட்டேன்.
மேலதை விடுமுன் கீழதைக் கவ்வி
கைப்பிடி கல்லாய் நின்றது.
ராத்திரி முழுக்கப் படுத்துப் புரண்டு
விடியலில் இன்னும் ஒன்றை எடுத்தேன்.
பதினொன்று.

சளக்.
கொஞ்சம் ஒன்றுமில்லை.
சளக்.

அந்த ஒன்றுமில்லையில்
தண்டு எந்தச் சக்கரத்துக்கும் கட்டுப்படவில்லை.
முறுக்கு தானாய் அவிழ்ந்து
விரிப்புகள் வயிறு உப்பி மிதந்தன.
"சவுக்காரம் இப்பத்தான் உள்ள போகுது" என்றாள்.

இங்கே ஓதம் ஏறினால் ஆறு திரும்பி நடக்கும்.
திரும்புமுன் ஒரு தென்னைமட்டை
எங்கும் போகாமல் கிடக்கும் தண்ணீரில்.
சக்கரம் செய்தபோது அது நினைவில் இல்லை.
பிறகு கேட்டவர்களிடம்
அதைப் பார்த்துத்தான் செய்தேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஒரு பயம் மட்டும் இருந்தது.
நின்ற தண்டை ஒவ்வொரு தடவையும்
எழுப்புவது முதல் பல்.
அடி முழுக்க அதற்கு.
ஒரு வாரம் தாங்கும் என்று கணக்குப் போட்டேன்.
கந்தூரி பதினாலு நாளும் முடிந்து
திறந்து பார்த்தால் கீறல்கூட இல்லை.

மறுநாள் தூணோரம் நின்று அவள் கையைப் பார்த்தேன்.
திரும்பும் இடத்தில் விரல்கள் தளர்ந்து
ஒரு பல் அகலத்துக்குச் சும்மா இருந்து
மறுபடி மூடின.

"யார் சொல்லிக் குடுத்தது?"

"ஷட்டர் தண்ணியத் தொடுற எடத்துல
கைய விடலன்னா மணிக்கட்டு போயிடும்.
அவருக்குக் காய்ச்சல் வந்தா
நாந்தானே எறக்குறது."

பஞ்சாயத்துக்கு அவள் போன ஒரு வெள்ளிக்கிழமை
மரைக்காயர் மருமகன் சுற்றினான்.
பன்னிரண்டு மணிக்கு முதல் பல்
விரிப்பு மடிப்பில் கிடந்தது.

யார் சுற்றினாலும் உடையாதபடி செய்வாயா என்றார்.
செய்யலாம், ஸ்பிரிங் வைக்கணும், முப்பது ரூபாய்.
கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தவள்
திரும்பாமலே சொன்னாள்:
"எனக்கு நாளைக்கு ஓரணா கூட்டுங்க."

மரைக்காயர் விரல்கணுவில் எண்ணத் தொடங்கினார்.
நான் அரத்தைச் சாக்கில் போட்டுக் கட்டினேன்.